கமோடு ரைசர்: செட்டிநாட்டு வீட்டுக்கு ஒத்து வருமா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கென்று மருத்துவ உபகரணக் கடைகளில் விற்கப்படும் பொருள்களுள், என் தாயாருக்கு அன்றாடம் மிகுதியாகக் கைகொடுத்தது கட்டிலும் அன்று, வாக்கரும் அன்று. கழிப்பறைக் கோப்பையின் மேல் பொருத்தி அமரும் உயரத்தைக் கூட்டும் இருக்கையான கமோடு ரைசர்தான். மதுரையில் அறுவை முடிந்து காரைக்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் பழைய வீட்டுக்கு அவரை அழைத்து வருவதற்கு முன் வாங்கிய, ஆறு அங்குல உயரமும் இருபுறமும் கைப்பிடியும் உள்ள வகையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பின்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, அறுவை செய்த காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது என்று பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் வரை கட்டுப்பாடு விதிப்பார்கள். மீறினால் புதிய மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். முன்பக்க அறுவைக்குக் கட்டுப்பாடுகள் வேறுபடும் என்பதால், தம் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அறுவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையை இக்காலத்தில் நினைத்தும் பார்க்க இயலாது. தாழ்வான வெஸ்டர்ன் கோப்பையில் அமர்ந்தாலோ, சற்று உயரமானவர்களுக்கு முழங்கால் மேலேயும் இடுப்பு கீழேயும் போய்விடுகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் ரைசர் ஈடுகட்டுகிறது. நான்கு அங்குலமா, ஆறு அங்குலமா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. தரையிலிருந்து நோயாளியின் முழங்கால் மடிப்பு வரையிலான உயரத்தை அளந்து, அமரும்போது இடுப்பு அதற்குச் சற்று மேலே நிற்குமாறு பார்த்து வாங்க வேண்டும். உயரம் மிகுந்து பாதம் தரையில் பதியாமல் தொங்கினால் அதுவும் ஆபத்தே.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது கோப்பையின் வடிவம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில், மேலே கால் வைத்துக் குந்தவும் அமரவும் ஏற்ற, விளிம்பு அகன்ற ஆங்கிலோ இந்தியன் கோப்பைகள் இன்றும் உண்டு. ரைசரின் திருகுப் பிடிகள் அந்த விளிம்பைச் சரியாகப் பற்றுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ரைசருக்குப் பணம் போடாமல், நான்கு காலும் கீழே பாத்திரமும் உள்ள கமோடு நாற்காலியை வாங்குவதே சரி. நடு முற்றத்தைச் சுற்றிய வளவையும் அதன் பின்னுள்ள இரண்டாம் கட்டையும் கடந்து கொல்லைப்புறத்தில் கழிப்பறை இருக்கும் வீட்டுக்கும் அந்த நாற்காலியே பொருத்தம். கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலைப்படி இருக்கும் வீட்டில், இரவு நேரத்தில் வாக்கரைத் தூக்கி வைத்துத் தாண்டி அவ்வளவு தொலைவு போகச் சொல்வது கொடுமை. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த முறை நிலைப்படிக்கும் பொருந்துகிறது என்றாலும், தூக்கக் கலக்கத்தில் யாருக்கு அது நினைவிருக்கும்? மழை நாளில் வளவை ஒட்டிய ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. வாக்கரின் ரப்பர் முனைகள் தேய்ந்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் முகப்பை ஒட்டிய அறையிலேயே வெஸ்டர்ன் கோப்பை இருந்ததால் ரைசர் எளிதாகப் பொருந்தியது. பிடிமானம் நன்று. கெண்டைக்கால் கோப்பையைத் தொடும் வரை பின்னே நகர்ந்து, அறுவை செய்த காலை முன்னே நீட்டி, இரு கைப்பிடிகளையும் சமமாக அழுத்தி அமர வேண்டும். ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் ஊன்றினால் இருக்கை சரியும் வாய்ப்பு உண்டு. இதை ஆச்சிமார் யாரும் முதலில் நம்புவதில்லை என்பதால் பக்கத்தில் ஒருவர் நின்று பழக்க வேண்டியிருக்கிறது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், இப்பொருளை வடிவமைத்தவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவும் வழக்கத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இருக்கையின் முன்பக்க வெட்டு குறுகலாக இருப்பதால் கை நுழைய இடம் போதவில்லை. தரையில் இருக்கும் வாளியிலிருந்து குவளையை எடுக்கக் குனிந்தாலோ, ரைசர் எதற்காக வாங்கப்பட்டதோ அதுவே வீணாகிவிடும். வாளியை ஒரு முக்காலியின் மேல் ஏற்றி வைத்தும், சுவரிலுள்ள ஹெல்த் பாசெட்டின் கொக்கியைக் கைக்கெட்டும் உயரத்துக்கு மாற்றியும் சமாளித்தோம். முன்பக்கம் அகலமாகத் திறந்த வகை கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அடிப்பக்க விளிம்பில் அழுக்கு தங்குவது மற்றொரு தொல்லை. அடிக்கடி கழற்றிக் கழுவாவிட்டால் நாற்றம் வரும்.

அறுவைக்குப் பின் தரப்படும் வலி மாத்திரைகளுள் சில மலச்சிக்கலை உண்டாக்குவதால், எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் இதில் அமர வேண்டியிருக்கும். பார்க்க வரும் உறவினர்கள் பழமும் கீரையும் கொண்டுவராமல் மணகோலத்தையும் அதிரசத்தையும் தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவருவது இதற்கு உதவுவதில்லை.

நாங்கள் வாங்கிய கடையில் பொருத்திக் காட்ட ஆள் வரவில்லை; பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளிலும் தமிழ் இல்லை. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் திருகை இறுக்கி, இருக்கையைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே நோயாளியை அமர வைக்க வேண்டும். எவ்வளவு எடை தாங்கும் என்பது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள்.