ஸ்டார்ம்விண்டில் ரோல்பிளேக்கு எங்கே உட்காரலாம்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ரோல்பிளே, அதாவது தன் கேரக்டராகவே பேசி நடிப்பது என்றால் அமெரிக்கப் பக்கம் மூன் கார்டு சர்வர், ஐரோப்பாவில் ஆர்ஜென்ட் டான். இரண்டிலும், விளையாட்டின் இரு அணிகளில் ஒன்றான அலையன்ஸின் கேரக்டர்கள் அதிகம் கூடுவது ஸ்டார்ம்விண்ட் நகரத்தில்தான். புதிதாக வருகிறவர்கள் பார்க்க அழகான இடத்தைத் தேடுவார்கள். அழகு அப்புறம். பேச்சு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும் 'சே' சாட்டுக்குச் சுவரும் கிடையாது, தளமும் கிடையாது. தூரம் ஒன்றுதான் கணக்கு. ஓல்டு டவுனில் உள்ள பிக் அண்ட் விசில் விடுதியில் இது நன்றாகத் தெரியும். மாடியில் இருவர் சதித்திட்டம் பேசினால், கீழே குடித்துக்கொண்டிருப்பவரின் சாட்டிலும் அது வரி வரியாக விழும். ஏழெட்டுப் பேர் வரை அங்கே பேச்சு சுகமாகப் போகும். அதற்குள் மூன்று நான்கு குழுக்கள் சேர்ந்துவிட்டால் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே பிடிபடாது. ரகசியக் காட்சி என்றால் குழுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தெரியும் பார்ட்டி சாட்டுக்கு மாறிவிடுவதே நல்லது. சமையல் பயிற்சியாளர் இருப்பதும் அதே விடுதியில்தான். ரோல்பிளேயில் இல்லாதவர்கள் உள்ளே ஓடி வருவார்கள், போவார்கள். அந்த வழியை விட்டு ஒதுங்கி உட்காருங்கள்.

கூட்டம் பெரிதென்றால் கதீட்ரல் ஸ்கொயர். திறந்தவெளி என்பதால் குழுக்கள் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கலக்காத அளவு தள்ளி நிற்கலாம். வழிப்போக்கர்கள் தயக்கமில்லாமல் வந்து சேருவதும் இங்கேதான். தெரிந்தவர் யாருமில்லாத புதியவருக்கு இதைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மே மாதக் குழந்தைகள் வார நிகழ்வில் அங்குள்ள அனாதை இல்லத்துக்குக் கூட்டம் மொய்க்கும். அந்த வாரத்தில் திருமணமோ விசாரணைக் காட்சியோ வைக்காதீர்கள்.

மந்திரவாதிகள், படிப்பாளிகள் என்றால் மேஜ் குவார்ட்டரின் புளூ ரெக்ளூஸ். இருவர் மனம்விட்டுப் பேசவும், அஞ்சலிக் காட்சிக்கும் லயன்ஸ் ரெஸ்ட். 2010இல் கேட்டக்ளிஸம் விரிவாக்கம் வந்தபோது அழிந்த பூங்கா இருந்த இடத்தில், 2016இல் லீஜன் விரிவாக்கத்தோடு எழுந்த நினைவிடம் அது. துறைமுகக் காற்று வீசுவது போலவே இருக்கும்.

எல்வின் காட்டில் உள்ள கோல்ட்ஷயர் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன் கார்டில் அந்த விடுதி பாலியல் ரோல்பிளேக்குப் பேர்போனது. 2010இல் விளையாட்டை நடத்தும் பிளிஸார்டே அங்கே கண்காணிப்பு வைப்பதாக அறிவித்தது. சின்ன வயதுப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"இங்கேதான் நிற்கிறேன், உன்னைக் காணோமே" என்ற சிக்கல் அடிக்கடி வரும். நகரத்துக்கு வெளியே என்றால் பெரும்பாலும் ஒருவர் எதிரணியோடு சண்டைக்கு வழிவிடும் வார் மோடில் இருப்பார்; அதில் இல்லாதவருக்கு அவர் தெரியமாட்டார். லெவல் குறைந்த கேரக்டர் என்றால், பழைய விரிவாக்கத்தின் காலத்துக்குப் போய் லெவல் ஏற்றும் குரோமி டைமில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்டார்ம்விண்டிலேயே நிற்கும் குரோமியிடம் பேசி நிகழ்காலத்துக்குத் திரும்பினால் சரியாகிவிடும். இரண்டும் இல்லையென்றால் ஒரே பார்ட்டியில் சேருங்கள். அநேகமாக ஆள் கண்ணில் பட்டுவிடுவார்.

எங்கே கூட்டம் இருக்கிறதென்று அலைய வேண்டியதில்லை. டோட்டல் ஆர்பி 3 என்ற ரோல்பிளே ஆட்ஆனை (கூடுதல் மென்பொருள்) போட்டு, உலக வரைபடத்தைத் திறந்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினால், அந்தப் பகுதியில் அதே ஆட்ஆன் வைத்திருப்பவர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு நடந்து போங்கள், ஓடாதீர்கள். நடை ஓட்டத்தை மாற்றும் விசை நம்பர் பேடில் இருக்கிறது. அது இல்லாத லேப்டாப்பில் கீபைண்டிங் பக்கத்தில் வேறு விசை கொடுத்துக்கொள்ளலாம். சவாரி செய்யும் மவுண்டை வாசலுக்கு வெளியே விட்டு இறங்குங்கள். டிராகன் மேல் உட்கார்ந்தபடி உள்ளே பேச்சுக் கொடுத்தால் பதில் வருவது அபூர்வம்.