வேலையை விட்டவரை ஆப்பிலிருந்து வெளியேற்ற: ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு எந்த வழி?

வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் ஆப் ஒன்று செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களின் போன் நம்பர், ஆதார் நகல் எல்லாம் அதில் இருக்கும். கவுண்டரில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டார், அவர் போனில் ஆப் இன்னும் லாகின் ஆகியே கிடக்கிறது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றி என்ன பயன்? லாகின் செய்தபோது ஆப்புக்குக் கிடைத்த ரெஃப்ரெஷ் டோக்கன் (நீண்டகால அனுமதிச் சீட்டு) செல்லும்வரை, ஆப் அதைக் காட்டி புதுப்புது ஆக்சஸ் டோக்கனை (ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும் குறுகியகாலச் சீட்டு) வாங்கிக்கொண்டே இருக்கும்.

பலரும் முதலில் நினைப்பது தடைப்பட்டியல்: ரத்தான டோக்கன்களின் ஐடியை ரெடிஸில் (மெமரியில் டேட்டா வைக்கும் வேகமான ஸ்டோர்) போட்டுவைப்பது. சரி, அவருடைய டோக்கன் ஐடி எது? கொடுத்தபோதே எழுதிவைத்திருந்தால்தான் தெரியும், அப்படி எழுதிவைத்திருந்தால் அந்த டேபிளிலேயே ரத்து செய்துவிடலாமே! போதாக்குறைக்கு, ரெடிஸ் டேட்டா அழிந்தால் ரத்தானவை எல்லாம் மறுபடி செல்லும்.

யூசர் டேபிளில் ஒரு பதிப்பு எண் வைத்து, அதையே டோக்கனிலும் எழுதி, வேண்டும்போது எண்ணைக் கூட்டிவிடுவது சுலபம், ஒரே அப்டேட்தான். ஆனால் அந்த லாகினின் எல்லாக் கருவிகளும் சேர்ந்து வெளியேறும். லாட்ஜில் மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகினாகத்தான் இருக்கும் (வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்), ராத்திரி கவுண்டர் கம்ப்யூட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

என் ஓட்டு டேபிளுக்கு. ஒரு கருவியில் லாகின் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரிசை: டோக்கனின் ஹாஷ் (அதிலிருந்து டோக்கனைத் திரும்ப எடுக்க முடியாத குறியீடு), யூசர், கருவி, காலாவதி, ரத்தான நேரம். டோக்கன் நீளமான ரேண்டம் எழுத்துகள் என்றால் எஸ்ஹெச்ஏ-256 என்ற வேகமான ஹாஷ் போதும், பாஸ்வேர்டுகளுக்கான மெதுவான பிகிரிப்ட் தேவையில்லை. டேட்டாபேஸுக்குச் சுமை என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ரெஃப்ரெஷுக்கு என்ன பெரிய சுமை?

இதற்கு மேல் சுழற்சியும் வையுங்கள்: ஒவ்வொரு ரெஃப்ரெஷிலும் புது டோக்கன், பழையது திரும்பி வந்தால் யாரோ திருடியிருக்கலாம் என்று அந்தக் கருவியின் வரிசையே ரத்து. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 (ஓஆத் லாகின் முறைக்கான பாதுகாப்பு வழிகாட்டி), பொது கிளையன்ட்களுக்கு (ரகசியத்தைக் காத்துவைக்க முடியாத மொபைல், பிரவுசர் ஆப்கள்) இதையோ, டோக்கனைக் கிளையன்டோடு பிணைப்பதையோ கட்டாயமாக்குகிறது. தொல்லையும் உண்டு. இரண்டு டேப் ஒரே நேரத்தில் ரெஃப்ரெஷ் கேட்டாலோ, சர்வர் அனுப்பிய பதில் சிக்னல் இல்லாமல் வழியில் தொலைந்தாலோ நல்ல யூசரே வெளியே தள்ளப்படுவார். சில நொடி சலுகை கொடுக்கலாம், அதே நொடிகள் திருடனுக்கும் கிடைக்கும்.

எந்த வழியில் போனாலும், கையில் இருக்கும் ஆக்சஸ் டோக்கன் அதன் ஆயுள் முடியும்வரை ஓடும். ஆயுளைப் பத்து நிமிடத்துக்குள் வையுங்கள், டேபிள் வரிசையின் ஐடியை அதிலும் எழுதுங்கள், ஆதார் நகல் காட்டும் பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் டேபிளைப் பார்த்துவிட்டே திறக்கட்டும்.