படகில் கட்டிப் பார்த்த மடக்கு டெண்ட்: துணிக்கு நாலு ஸ்டார், காலுக்கு ஒன்று

கடற்படையில் 15 வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். இப்போது நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகில் பங்கு. மீன் பிரிக்கிற பின்தளத்துக்கு நிழல் வேண்டுமென்று 10க்கு 10 அடி மடக்கு டெண்ட் ஒன்றை 13,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் ‘ஹெவி டியூட்டி, கடலோரத்துக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தது. கடலோரம் என்றுதான் போட்டிருக்கிறான், கடல் என்று போடவில்லை. கவனிக்காதது என் தப்பு.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறிக் கிடந்தபோது குறையே இல்லை. மே மாத வெயிலில் பெயிண்ட் அடிக்கிற பையன்கள் அதற்குக் கீழேயேதான் கிடந்தார்கள்.

ஜூன் 15ஆம் தேதி கடலுக்குப் போனோம். கால் தகட்டில் உள்ள துளை மண்ணில் முளை அடிப்பதற்கு; இரும்புத் தளத்தில் எதை அடிப்பது? மணல் மூட்டை வைத்தோம், படகு உருண்டபோது மூட்டையும் கூடவே நடந்தது. பக்கக் கம்பியோடு இறுக்கிக் கட்டியதும் கால் நின்றது. ஆனால் மேலே கத்தரிக்கோல் போல மடங்கும் சட்டத்துக்கு மூட்டெல்லாம் பிளாஸ்டிக். இரண்டாம் ராத்திரி கச்சான் (மேல்காற்று) எழும்பியதும் ரெண்டு மூட்டு ‘படக்’கென்று போனது. “அண்ணே, இது கல்யாணப் பந்தலுக்கு வாங்குறது. அவுத்துப் போட்ருவோம்” என்றார் படகோட்டும் ஸ்ராங்கு.

கடற்படைக் கப்பலில் நாங்கள் கட்டிய ஆனிங்குக்கு, அதாவது தளத்துக்கு மேலே கட்டும் நிழல்துணிக்கு, கத்தரிச் சட்டமே கிடையாது. நடுவில் உயரமாக ஒரு கனத்த கயிறு, ஓரங்களில் கழற்றி மாட்டும் தூண்கள், துணியைச் சுற்றிலும் கயிறு கோத்து முரசு மாதிரி இழுத்துக் கட்டுவோம். மழை வந்தால் பக்க ஓரங்களைத் தாழ்த்திச் சரிவு கொடுக்க வேண்டும். அதுவும் துறைமுகத்தில் நிற்கும்போதுதான். புறப்படும் முன் சுருட்டிவிடுவோம். ஹெலிகாப்டர் தளத்தில் கட்டுகிற பேச்சே இல்லை, ஒரு துண்டுத் துணி பறந்து எஞ்சினுக்குள் போனாலும் ஆபத்து.

அந்தச் சரிவு இந்த டெண்டில் போதாது. ஒரு மழையில் நடுவே தொப்பை போட்டுத் தண்ணீர் தேங்கிவிட்டது. நாலு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் நின்றாலே 200 கிலோ. துடைப்பக் கட்டையால் கீழிருந்து குத்தித் தள்ளியதில் பாதி என் தலையில்.

அடுத்த பயணத்தில் சட்டத்தைக் கரையிலேயே விட்டுவிட்டேன். படகில் ஏற்கெனவே இருந்த குழாய்த் தூண்களில் நடுக்கயிறு ஓட்டி, துணியை மட்டும் கப்பல் முறையில் கட்டினேன். இரண்டு மாதமாக நிற்கிறது. 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர், தையல் மேல் டேப் ஒட்டியிருப்பதால் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கயிறு கோக்கும் பித்தளைக் கண்ணிகளும் அப்படியே இருக்கின்றன. மூலையில் உள்ள வெல்க்ரோ மட்டும் வீண். உப்பும் மீன்செதிலும் ஏறி ஒரே வாரத்தில் ஒட்டாமல் போய்விட்டது. காலில் பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் துரு.

துணி மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கடையில் கேட்டேன். 5,500 ரூபாயாம். முதலிலேயே கேட்டிருக்கலாம். கால்கள் நாலும் இப்போது என் வீட்டுக் கொல்லையில் பாகற்கொடியைச் சுமக்கின்றன.