நிலையான பிளேடா, திரும்பும் பிளேடா: பாய்மரப் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர்?

முப்பத்தைந்து அடி பயணப் படகு, அதில் யன்மார் 3ஒய்எம்30 போன்ற சிறிய டீசல் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம்.

நிலையான மூன்று பிளேடு வெண்கலப் புரொப்பெல்லர் விலை குறைவு, அடி தாங்கும், எதிர்காற்றிலும் அலையிலும் நன்றாகத் தள்ளும். பாய் விரித்ததும்தான் தொல்லை. அது தண்ணீரில் பிரேக் போட்ட மாதிரி இழுக்கும்; மெல்லிய காற்றில் அந்த இழப்பு நன்றாகவே தெரியும். ஷாஃப்டைப் பூட்டாமல் சுழல விட்டால் இழுவை பெரும்பாலும் குறையும். ஆனால் சில கியர்பாக்ஸ்களுக்கு அது ஆகாது, கையேட்டைப் பாருங்கள்.

மேக்ஸ்-ப்ராப் போன்ற ஃபெதரிங் வகையில், பாயில் ஓடும்போது பிளேடுகள் நீரோட்டத்துக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும். ரிவர்ஸ் போட்டால் பிளேடு புரண்டு, முன்விளிம்பே முன்னால் வரும்; பின்னோக்கியும் நன்றாகத் தள்ளும். அதனால் துறையில் படகை நிறுத்துவது சுகம். விலை பல மடங்கு. அப்புறம் கிரீஸ், துத்தநாக ஆனோடு (புரொப்பெல்லருக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) என்று பராமரிப்பும் உண்டு. பிளேடுகள் தட்டையாக இருப்பதால் முன்னோக்கிய உந்துதல் கொஞ்சம் குறையும்.

நீண்ட தூரம் பாயிலேயே போகிறவர் என்றால் ஃபெதரிங்குக்கே என் வாக்கு. கால்வாய், ஆறு என்று இன்ஜினிலேயே ஓடுகிறவருக்கு அது வீண் செலவு.

எதை வாங்கினாலும் பிட்ச், அதாவது பிளேடின் சாய்வு, சரியாக வேண்டும். 3ஒய்எம்30 இன்ஜின் முழு திராட்டிலில் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தொட வேண்டும். 3000-லேயே திணறிக் கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம். படகின் அடிப்பகுதி சுத்தமாக இருக்கும்போது சோதியுங்கள்.