கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் அடிக்கும் கிட்: வாங்கலாமா?

450 கிராம் ஆர்-134ஏ (கார் ஏசியில் குளிர வைக்கும் கேஸ்) கேன் ஒன்று, அதைத் துளைக்க ஊசி வால்வு, சின்ன ஹோஸ், நிறப் பட்டை போட்ட ஒற்றை கேஜ் (அழுத்தமானி), முனையில் லோ சைடு கப்ளர், அதாவது ஏசியின் குறைந்த அழுத்தக் குழாயில் மாட்டும் இணைப்பு. கார் ஏசி ரீஃபில் கிட் என்று ஆன்லைனில் விற்பது இவ்வளவுதான். அனல் காற்று வரும் வண்டியைப் பத்து நிமிடத்தில் குளிர வைக்கும் என்பது விளம்பரம். அப்படிக் குளிரும் வண்டிகள் உண்டு. ஆனால் எந்த வண்டி குளிரும் என்பதை இந்த கேஜ் சொல்லாது. அதுதான் இதன் பெரிய குறை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கப்ளர் 13 மி.மீ. அளவு, ஹை சைடு (அதிக அழுத்தக் குழாய்) முனை 16 மி.மீ. என்பதால் மாற்றி மாட்ட வழியில்லை. ஹை சைடு அழுத்தம் கேனுக்குள் ஏறினால் கேன் வெடிக்கும், ஆகவே இந்த ஏற்பாடு முக்கியமானது. ஊசி வால்வும் சரியாகப் பயன்படுத்தினால் குறை வைப்பதில்லை. திருகை முழுக்க வெளியே திருப்பிவிட்டுத்தான் கேனில் மாட்ட வேண்டும். பிறகு உள்ளே திருகித் துளையிட்டு, மறுபடி வெளியே திருப்பினால்தான் கேஸ் வரும். ஊசி நீட்டியிருக்கும்போதே மாட்டினால், வால்வு இறுகும் முன்னே கேன் துளைபட்டு, பாதி கேஸ் கையில் உறைபனியாகப் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது.

இனி கேஜ். பெரும்பாலான கிட்களில் 25 முதல் 45 பிஎஸ்ஐ வரை பச்சைப் பட்டை. ஆனால் ஏசி கேட்பது எடைக் கணக்கு. பானட்டின் உட்புற ஸ்டிக்கரில் கிராமில் போட்டிருப்பார்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம்தான். வண்டி அணைத்து 30 டிகிரியில் நிற்கும்போது உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் முள் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐயில்தான் நிற்கும். உள்ளே திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. வண்டி ஓடும்போதும் நம்ப முடியாது. வேரியபிள் கம்ப்ரசர் (தேவைக்கேற்ப கேஸை அழுத்தும் அளவை மாற்றிக்கொள்வது) உள்ள வண்டியில் கேஸ் குறைந்தாலும் கம்ப்ரசர் தன் பிஸ்டன் ஓட்டத்தைக் குறைத்து லோ சைடைப் பச்சையிலேயே பிடித்து வைக்கும். மே மாத வெயிலில் சரியாக கேஸ் உள்ள வண்டியே 50ஐத் தொடலாம். கண்டென்சர் (முன்புறம் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ஃபேன் ஓடாவிட்டாலும் முள் ஏறும். ஹை சைடு கேஜ் இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

ஆகவே கிட்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. சிக்னலில் நிற்கும்போது மட்டும் அனல், ஓடும்போது குளிர்ச்சி என்றால் பெரும்பாலும் ஃபேன் அல்லது மண் அடைத்த கண்டென்சர். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் க்ளட்ச் ஒட்டவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, க்ளட்ச் இடைவெளி. இருபது நிமிடம் குளிர்ந்துவிட்டுப் பிறகு அனலாகி, அணைத்து வைத்தால் மீண்டும் குளிர்ந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வில் (கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் சிறு துவாரம்) ஈரம் உறைகிறது, அல்லது தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரும் சென்சார்) கெட்டுக் கூலிங் காயில் பனி கட்டுகிறது. இவற்றில் எதுவும் கேஸ் அடித்துச் சரியாவதில்லை.

எஞ்சினை அணைத்து மாட்டும்போது முள் பூஜ்யத்தருகே நின்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். லீக் பெரியது, காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும். லீக்கை அடைத்து, டிரையர் (ஈரம் உறிஞ்சும் பாகம்) மாற்றி, குறைந்தது 30 நிமிடம் வாக்கம் போட்டு (பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ். ஈரம் மிஞ்சினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரைத் தின்னும்.

கிட் உண்மையில் உதவுவது ஒரே நிலையில்: பல வருடத்தில் சிறிது சிறிதாகக் கசிந்து, குளிர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்த வண்டி. அதற்கும் சமையலறைத் தராசு வேண்டும். ஏசி முழுக் குளிரில், ரீசர்குலேஷனில், ப்ளோயர் உச்சத்தில், கதவுகள் திறந்து, எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மில். ஹோஸில் உள்ள காற்றைக் கொஞ்சம் கேஸ் விட்டு வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். கேன் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவமாகப் போய் கம்ப்ரசரை உடைக்கும். 50 கிராம் போனதும் வால்வை மூடி, ஐந்து நிமிடம் விட்டு, நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். இரண்டு முறை போட்டும் வெப்பநிலை இறங்கவில்லையென்றால் கேஸ் குறைவு காரணமில்லை. மூன்றாவது முறை போடாதீர்கள்: கேஸ் மிகுந்தாலும் ஹை பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தி அனல் காற்றுதான் வரும்.

லீக் அடைக்கும் சீலன்ட் கலந்த கேனை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அது எக்ஸ்பேன்ஷன் வால்வை அடைக்கும்; பிறகு வண்டியை விடும் பட்டறையின் மெஷினையும் கெடுக்கும். ஆயில் கலந்த கேனும் வேண்டாம். எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளின் கம்ப்ரசருக்கு வேறு வகை ஆயில் என்பதால், கிட்டே அவற்றுக்கு ஆகாது. ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் (புதிய வண்டிகளில் வரும் வேறு கேஸ்) என்றிருந்தாலும் அப்படியே.

பெயர் தெரியாத மலிவு கேனிலும் எச்சரிக்கை தேவை. மீத்தைல் குளோரைடு கலந்த போலி ஆர்-134ஏ அலுமினியத்தோடு வினைபுரியும். 2011இல் கப்பல் குளிர் கன்டெய்னர்கள் வெடித்து உயிர் போனதற்குக் காரணம் அதுதான். நல்ல கேஸையும் காற்றில் விடாதீர்கள். ஒரு கேன் கசிவது ஏறக்குறைய 640 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

ஒரே வண்டிக்காக என்றால் இந்தப் பணத்தை, எடை பார்த்து கேஸ் அடிக்கும் பட்டறையில் கொடுங்கள். பழைய கேஸ் எத்தனை கிராம் வெளியே வந்தது, புதிதாக எத்தனை கிராம் உள்ளே போனது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருந்து, தானே செய்யும் ஆர்வமும் இருந்தால் லோ சைடு, ஹை சைடு இரண்டையும் காட்டும் இரட்டை கேஜ் மேனிஃபோல்டும் சிறிய வாக்கம் பம்பும் வாங்குங்கள். செலவு கூடும், ஆனால் ஹை சைடு கண்ணுக்குத் தெரியும்.