கார் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம்: 68,500 ரூபாய் போய்விட்டது

என் காரைத் திருத்தக் கொடுத்த கராஜுக்குச் சற்று முன்னரும் அழைத்தேன். மணி அடிக்கிறது, ஆள் எடுக்கவில்லை. பெயர் போடவில்லை, ஏ-9 வீதியோரம் ‘கம்பியூட்டர் ஸ்கேனிங்’ என்று பெரிய பலகை போட்ட கராஜ் என்று மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர் வாகன்ஆர். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு ஆட்களோடு போனால், மாங்குளம் தாண்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு செக் எஞ்சின் லைட் வரும், கொஞ்சம் உதறும். பிறகு சில நாள் லைட்டே இருக்காது. இப்படி வந்து வந்து போகிற பழுதுதான் ஏமாற்றுகிறவனுக்கு வசதி. எந்தச் சாமானை மாற்றினாலும் கொஞ்ச நாளைக்குச் சரியானதுபோல இருக்கும்.

கராஜில் இருந்த மெக்கானிக் பையன் மரியாதையானவன். கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, ஸ்கேனரைக் குத்தினான். திரையை என் பக்கம் திருப்பவேயில்லை. “ஒக்சிசன் சென்சர் போட்டுது அண்ணை. யப்பான் சாமான் போடுவம், இனி வராது.” கழற்றிய சென்சரைக் கையில் தந்தான், கரி பிடித்துக் கிடந்தது. (ஓடிய காரில் எந்தச் சென்சரும் அப்படித்தான் இருக்கும். அது என் காரினதுதானா என்பதுகூட இப்போது சந்தேகம்.) பிறகு சாவியைத் திருப்பி, “பாருங்கோ, லைட் இல்லை” என்றான். அந்த இடத்தில்தான் நம்பினேன். எண்ணிக் கொடுத்தேன், 68,500.

லைட் போனது சென்சரால் அல்ல. கார் பதிந்து வைத்திருக்கும் பழுது இலக்கத்தை, அதாவது ‘கோட்’டை, ஸ்கேனரால் அழித்தால் எந்த லைட்டும் போகும். பெரும்பாலான பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் திரும்பவும் பிடிபட்டால்தான் லைட் மறுபடி எரியும்.

எரிந்தது. கொண்டுபோனேன். “இப்ப எரியேல்லையே அண்ணை, எரியேக்க கொண்டு வாங்கோ.” எரிகிறபோது கொண்டுபோனால், “பெற்றோல் கூடாது, வேற செட்டிலை அடியுங்கோ.” காசைக் கேட்டால், “எலெக்ட்ரிக் சாமானுக்கு வாரன்டி இல்லை.” இப்போது தொலைபேசியும் இல்லை.

கடைசியில் புதுக்குடியிருப்பில் ஒரு வயதான மெக்கானிக் பார்த்தார். விழுந்திருந்தது பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அந்தச் சிலிண்டரில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கும் கொயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டு, ஓடிச் சூடாக்கச் சொன்னார். கோட் பி0301 ஆக மாறியது. பழுது கொயிலோடு கூடவே போய்விட்டது, அவ்வளவுதான் சோதனை. சிலிண்டர் எரியாமல் விட்டால் மிஞ்சும் ஒக்சிசன் புகைக்குழாய்க்குள் போகும், அதைப் பார்த்துச் சென்சரும் முறையிடும் என்றார். சென்சர் பாவம், கண்டதைச் சொல்லியிருக்கிறது. அதற்கு 68,500!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. பழுது கோட்களை அழிக்க முன்னர் ஸ்கேனர் திரையைப் படம் எடுங்கள். அதோடு பிரீஸ் பிரேம் என்று ஒன்று பதிவாகியிருக்கும்: லைட் வந்த நேரம் எஞ்சின் என்ன சூடு, என்ன வேகம் என்று. அழித்தால் அதுவும் போய்விடும், பற்றரி வயரைக் கழற்றினாலும் போகலாம். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. லைட் மினுங்கி மினுங்கி எரிந்தால் மிதித்து ஓட்டாதீர்கள், எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கெற்றலிற்றிக் கொன்வேட்டரைத் தின்றுவிடும். அது போனால் 68,500 எல்லாம் காணாது.