'ஃபுல் சர்வீஸ்'னு சொல்லி அப்பாவோட ரெக்கார்டு ப்ளேயரை கெடுத்து அனுப்புனாங்க, ரிப்பேருக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

பழைய டர்ன்டேபிள் வீட்ல வச்சிருக்கீங்க, யார்கிட்டயாவது கொடுத்து சரி பண்ணலாம்னு நினைச்சிட்டு இருக்கீங்கன்னா இதை முழுசா படிங்க. நீளமான பதிவு தான். எட்டு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன், இப்ப தான் உக்காந்து எழுத முடியுது.

எங்கிட்ட இருக்கறது டூயல் 1219. 1969-ல வந்த ஜெர்மன் மாடல், அப்பா செகண்ட் ஹேண்டா வாங்குனது. இதுல பெல்ட் கிடையாது, ஐட்லர் டிரைவ், அதாவது மோட்டார் புல்லிக்கும், ரெக்கார்டை வைக்கற தட்டு இருக்கே, அந்த பிளாட்டரோட உள்விளிம்புக்கும் நடுவுல ஒரு ரப்பர் சக்கரம் ஒட்டிக்கிட்டு ஓடி பிளாட்டரை சுத்தி விடும். பிளாட்டர் மட்டுமே 3 கிலோவுக்கு மேல இருக்கும். அதுல அப்பா போட்டிருந்தது ஷூர் வி15 டைப் 2 கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியை தாங்கிட்டு ரெக்கார்டுல இருந்து சத்தத்தை எடுக்கற சின்ன பாகம். அதை அவர் பாத்துக்கிட்ட விதம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, ஊசியை தொடறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு தான் வருவார். கண் பார்வை கொஞ்சம் மங்குன பிறகு ஊசி எங்க இறங்குதுன்னு தெரியணும்னு அம்மாவோட நெயில் பாலிஷை எடுத்து கார்ட்ரிட்ஜோட முன்பக்கம் ஒரு சின்ன செவப்பு புள்ளி வச்சார். அந்த புள்ளியை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்பா போனதுக்கப்புறம் நாலஞ்சு வருஷம் மூடியே கெடந்துச்சு. ஒரு நாள் தூசி தட்டி போட்டு பாத்தா பிளாட்டர் சுத்தவே யோசிக்குது, ஸ்டார்ட் லீவரை தள்ளுனா ஊசி மாட்டியிருக்கற ஆர்ம் மேல எழும்புது ஆனா ரெக்கார்டு பக்கம் நகரவே மாட்டேங்குது. இது ரெண்டும் இந்த மாடல்ல ரொம்ப சாதாரணமா வர்ற கோளாறுன்னு இப்ப எனக்கு தெரியும். அன்னைக்கு தெரியல. அதனால ரெஸ்டொரேஷன் ஸ்பெஷலிஸ்ட்னு போட்டுக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட போனேன். பேர் போட மாட்டேன், ஆள் யாருங்கறது முக்கியமில்ல, எப்படி நடந்துச்சுங்கறது தான் முக்கியம்.

அவர் போட்டிருந்த போட்டோ எல்லாம் அவ்ளோ அழகா இருந்துச்சு. மரத்துக்கு புது பாலிஷ், கீறல் இல்லாத மூடி, பளபளன்னு பிளாட்டர். இப்ப திரும்ப போய் பாத்தப்ப தான் ஒன்னு உறைச்சுது, அத்தனை போட்டோல ஒன்னுல கூட பிளாட்டரை கழட்டி உள்ள காட்டல. ஒரு மோட்டார் இல்ல, ஒரு பேரிங் இல்ல. எல்லாமே வெளிப்பக்கம் தான்.

கொண்டு போய் கொடுத்தப்ப அஞ்சு நிமிஷம் கூட பாக்கல. "தம்பி, உள்ள ஆர்மை நகர்த்தற மெயின் கேம் சக்கரம் உடைஞ்சிருக்கு, வெளிநாட்டுல இருந்து தான் பார்ட் வரணும். கெபாசிட்டர் எல்லாம் மாத்தணும். மோட்டார் ஓவராயில் பண்ணணும். மூணு வாரத்துல புதுசு மாதிரி தர்றேன்"ன்னார். நானும் சரிங்கண்ணேன்னு தலையாட்டிட்டு முழு பணத்தையும் முன்னாடியே கொடுத்துட்டு வந்தேன். மூணு வாரம் அஞ்சு மாசமாச்சு. ஃபோன் பண்ணா பார்ட் வரல, கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்கு, உடம்பு சரியில்ல, இப்படியே போச்சு.

கடைசியா கைக்கு வந்தப்ப பாக்க நல்லா தான் இருந்துச்சு, அதை மறைக்க விரும்பல. வீட்டுக்கு கொண்டு வந்து அப்பாவுக்கு ரொம்ப புடிச்ச ஒரு பாடகி அம்மாவோட கச்சேரி எல்பியை போட்டேன். முதல் வரி வந்ததுமே எனக்கு என்னமோ பண்ணுச்சு. அந்த குரல் இல்ல இது. அஞ்சு கட்டையில பாடுனது மூணு கட்டைக்கு இறங்கி, தூக்கத்துல பாடற மாதிரி இழுத்துக்கிட்டு, பாதி ஆம்பளை குரல் மாதிரி வருது. தம்புரா கூட முனகுது. பிட்ச் கண்ட்ரோலை முழுசா திருகி பாத்தேன், கொஞ்சம் ஏறுச்சு, ஆனா அது ஒரு சில சதவீதத்தை சரி பண்றதுக்கு வச்சது, இந்த வித்தியாசத்துக்கு கிட்ட கூட வரல.

அவருக்கு ஃபோன் பண்ணா "பழைய ரெக்கார்டு அப்படி தான் தம்பி கேக்கும், நீங்க இத்தனை நாள் மொபைல்ல கேட்டு பழகிட்டீங்க"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. சின்ன வயசுல இருந்து இதே ரெக்கார்டை இதே மெஷின்ல கேட்டு வளந்தவன் நான்.

அப்புறம் தான் ரெக்கார்டு சேக்கற ஒரு பெரியவரோட பழக்கம் கெடைச்சுது. ஃபோன்லயே சொன்னார், "தம்பி, பிளாட்டர் ஓரத்துல ஒரு சின்ன பேப்பர் ஒட்டு, 3 நிமிஷத்துல எத்தனை சுத்து வருதுன்னு எண்ணிட்டு சொல்லு." 33⅓ ஸ்பீடுன்னா 3 நிமிஷத்துக்கு சரியா 100 சுத்து வரணும். எனக்கு வந்தது 83. சொன்னதும் அவர் ஒரு செகண்ட் கூட யோசிக்கல, "அது 60 ஹெர்ட்ஸ் புல்லிப்பா"ன்னார்.

இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா வெளிநாட்டுல இருந்து பழைய ப்ளேயர் வாங்கறவங்க நிறைய பேர் இதுல மாட்டறாங்க. இந்த மாதிரி மெஷின்கள்ல மோட்டார் ஓடற வேகத்தை நிர்ணயிக்கறது வோல்டேஜ் இல்ல, கரண்டோட ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் செகண்டுக்கு எத்தனை அலை அடிக்குதுங்கறது. சில நாட்டுல 50, சில நாட்டுல 60. அதுக்கு தகுந்த மாதிரி கம்பெனியே ரெண்டு அளவுல புல்லி போட்டுச்சு, 50-க்கு தடிச்சது, 60-க்கு மெலிசு. நான் இருக்கற இடத்துல 50 ஹெர்ட்ஸ். 60-க்கான புல்லியை இங்க போட்டா ஆறுல அஞ்சு பங்கு வேகம் தான் வரும், 20 நிமிஷ சைடு 24 நிமிஷம் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வச்சா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை தான் மாத்தும், ஹெர்ட்ஸை தொடவே தொடாது.

அப்படின்னா என்ன அர்த்தம்? எங்க மெஷின்ல அப்பா காலத்துல இருந்து 50 ஹெர்ட்ஸ் புல்லி தான் இருந்துச்சு. மோட்டார் ஓவராயில் பண்றேன்னு சொல்லி எங்க மோட்டாரை கழட்டிட்டு வேற ஏதோ செத்த மெஷின்ல இருந்து ஒன்னை தூக்கி போட்டிருக்கார்.

அடுத்த வாரம் பெரியவர் வீட்டுக்கே தூக்கிட்டு போனேன். பிளாட்டரை கழட்டுனதும் "அடடா"ன்னு ஒரு வார்த்தை தான் சொன்னார். உள்ள அம்பது வருஷத்து கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி அப்படியே இருக்கு, ஒரு பல்லை கூட துடைக்கல. ஐட்லர் சக்கரத்தை முரட்டு உப்புத்தாளால தேய்ச்சு வட்டமே போயிடுச்சு, அதனால தான் பாட்டுக்கு அடியில டொக் டொக்னு ஒரு சத்தம் வந்துட்டே இருந்திருக்கு. போதாததுக்கு துரு எடுக்கற ஸ்ப்ரேயை மோட்டார் பேரிங்ல அடிச்சிருக்கார். அந்த பேரிங் எண்ணெயை உறிஞ்சி வச்சுக்கற வெண்கலம், ஸ்ப்ரே அடிச்சா உள்ள இருக்கற எண்ணெயை கழுவி விட்டுட்டு கொஞ்ச நாள்ல தானும் காஞ்சிடும். கெபாசிட்டர் எல்லாம் மாத்துனேன்னு பில்லுல எழுதியிருந்தாரே, இந்த மெஷினுக்குள்ள ஆம்ப்ளிஃபையரே கிடையாது, மாத்தறதுக்கு இருக்கறது ஸ்விட்சுக்கு குறுக்க இருக்கற ஒரே ஒரு சின்ன கெபாசிட்டர். அதுவும் பழசு தான், வெடிப்பு விட்டு அங்கேயே உக்காந்திருந்துச்சு. அது ஷார்ட் ஆனா ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் மோட்டார் ஓடிட்டே இருக்கும்.

உடைஞ்சு போச்சுன்னு சொன்ன அந்த கேம்? உடையவே இல்ல. ஆர்ம் நகராததுக்கு காரணம் ஒரு லீவர் முனையில இருக்கற மிளகை விட சின்ன ஒரு ரப்பர் தொப்பி. வயசானா பொடிஞ்சு போயிடும். ஜெர்மன்காரங்க அதுக்கு ஸ்டோயர்பிம்பல்னு பேர் வச்சிருக்காங்க. பெரியவர் ஒரு ஒயரோட மேல் உறையில இருந்து துளியூண்டு வெட்டி அந்த முனையில சொருகினார். பத்து நிமிஷம். ஆர்ம் எழும்பி, நகர்ந்து, ரெக்கார்டோட முதல் வரியில மெதுவா இறங்குச்சு. அஞ்சு மாசம் வெளிநாட்டு பார்ட்டுக்கு காத்திருந்தேன்.

கார்ட்ரிட்ஜுக்கு வர்றேன், எனக்கு இன்னும் ஆறாதது இது தான். கொடுக்கும்போது ஷூர் இருந்துச்சு, திரும்பி வந்தப்ப பேரே இல்லாத ஏதோ ஒன்னு மாட்டியிருந்துச்சு. கேட்டதுக்கு "பழசு செத்துடுச்சு, புதுசு போட்டு கொடுத்தேன், பழசை தூக்கி போட்டுட்டேன்"ன்னார். அப்பா இருந்த வரைக்கும் நல்லா பாடிட்டு இருந்தது எப்படி சாகும். ஷூர் கம்பெனி 2018-லேயே கார்ட்ரிட்ஜ் பண்றதை நிறுத்திடுச்சு, அதனால பழைய வி15 நல்ல நிலையில கெடைச்சா சேகரிக்கறவங்க விடமாட்டாங்க. அதை யாரும் குப்பையில போட மாட்டாங்க.

அவர் போட்ட அந்த 'புது' கார்ட்ரிட்ஜோட ஊசியை பெரியவர் மைக்ரோஸ்கோப்புல காட்டுனார். உருண்டையா இருக்க வேண்டிய முனை ரெண்டு பக்கமும் தேய்ஞ்சு உளி மாதிரி இருந்துச்சு. அது மட்டுமில்ல, புது கார்ட்ரிட்ஜ் மாட்டுனா கனம் மாறும், ஆர்மை முதல்ல சமநிலைக்கு கொண்டு வந்துட்டு அப்புறம் தான் ஊசி பாரம் வைக்கற டயலை திருகணும். அதை செய்யவே இல்ல. டயல்ல 2 காட்டுது, கேஜ் வச்சு அளந்தா 4.6 கிராம். அப்பாவோட ஷூர் ஒன்னரை கிராமுக்கு மேல கேக்காத சாமான். தேய்ஞ்ச ஊசியை அந்த பாரத்துல வச்சு நான் அந்த எல்பியை ஸ்பீடு சரியா இருக்கா இல்லையான்னு திரும்ப திரும்ப போட்டு பாத்திருக்கேன், ஒரு பதினஞ்சு தடவை இருக்கும். வினைல்ல வெட்டுப்பட்ட பள்ளம் திரும்ப வளராது. இப்ப வேற நல்ல ஊசியில போட்டாலும் அந்த அம்மா 'ச' சொல்ற இடத்துல எல்லாம் கரகரன்னு கிழியுது, சைடோட கடைசி பாட்டுல ரொம்ப மோசம். மோட்டார் கிடைக்கும், ரப்பர் கிடைக்கும், அப்பா கை பட்டு ஓடுன அந்த ரெக்கார்டு போனது போனது தான்.

கொடுக்கப் போறவங்களுக்கு நான் கெஞ்சி கேக்கறது, கார்ட்ரிட்ஜை நீங்களே கழட்டி வீட்ல வச்சிட்டு மெஷினை மட்டும் கொடுங்க. டூயல்ல அது ஒரு சின்ன கைப்பிடியை தள்ளுனா கையோட வந்துடும், மத்ததுல ரெண்டு ஸ்க்ரூ. ரிப்பேர் பாக்கறவர்கிட்ட டெஸ்ட் பண்றதுக்கு அவரோட கார்ட்ரிட்ஜ் இருக்கும், இல்லாதவர் இந்த வேலைக்கே லாயக்கில்ல. பிளாட்டரை தூக்கி உள்ள போட்டோ எடுங்க, மோட்டார் லேபிள், புல்லி, ஐட்லர் எல்லாம் தெரியற மாதிரி, அதை அவர் கண் முன்னாடியே எடுங்க. கழட்டுற பழைய பார்ட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு திரும்ப வேணும்னு முதல் நாளே சொல்லிடுங்க, முகம் மாறுதான்னு பாருங்க. முழு பணத்தை முன்னாடி கொடுக்காதீங்க.

வாங்கும்போது அங்கேயே ஸ்பீடு பாத்துட்டு வாங்க. பேப்பர் ஒட்டி எண்ணறது போதும். ஸ்பீடு பாக்கறதுக்கு கோடு போட்ட ஸ்ட்ரோப் டிஸ்க் வச்சிருந்தீங்கன்னா 50 ஹெர்ட்ஸ்ல 33⅓-க்கு 180 கோடு உள்ள வட்டம், 60 ஹெர்ட்ஸ்ல 216 கோடு உள்ளது, குழம்பிக்காதீங்க. வீட்டு கரண்ட்ல எரியற குண்டு பல்பு, நியான் மாதிரி வெளிச்சத்துல தான் அந்த கோடு நிக்கறது தெரியும், மொபைல் டார்ச்ல தெரியாது. ஊசி பாரத்துக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேஜ் வாங்கி வச்சுக்கோங்க, டயலை நம்பாதீங்க. 78 ஸ்பீடுல ஓடற பழைய ரெக்கார்டு வச்சிருக்கறவங்க ஒன்னு கவனிங்க, அதுக்கு ஊசியே வேற, எல்பி ஊசியை விட மூணு மடங்கு தடிமன். அந்த ரெக்கார்டை ஆல்கஹால் கலந்த எதாலயும் துடைக்க கூடாது, அது செஞ்சிருக்கற ஷெல்லாக் அரக்கு கரைஞ்சிடும். இதையும் ஒருத்தர் 'சர்வீஸ்'னு பண்ணி கெடுத்ததை கேள்விப்பட்டேன்.

இப்ப எங்க டூயல் நல்லா ஓடுது. பெரியவரும் நானும் நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொரு லீவரா கழட்டி, பழைய கிரீஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல ஊற வச்சு எடுத்து, புது கிரீஸ் வச்சு, பேரிங்கை எண்ணெயில ஊற போட்டு, 50 ஹெர்ட்ஸ் புல்லி ஒன்னை அவரோட டப்பாவுல இருந்தே எடுத்து போட்டோம். ஐட்லரும் அவர்கிட்ட ஒன்னு இருந்துச்சு. காசு வாங்க மாட்டேன்னுட்டார். பேப்பர் ஒட்டி எண்ணுனேன், 3 நிமிஷத்துக்கு 100. அம்மா சமையல்கட்டுல இருந்து எட்டி பாத்து "அப்பா போட்ட மாதிரியே இருக்கே"ன்னாங்க. நான் பதில் சொல்லல, சொல்ல முடியல.

பழைய பொருள் விக்கற இடத்துல, சேகரிக்கறவங்க யார்கிட்டயாவது, ஒரு ஷூர் வி15 டைப் 2 கண்ணுல பட்டுச்சுன்னா முன்பக்கத்தை கொஞ்சம் உத்து பாருங்க. சின்னதா ஒரு செவப்பு புள்ளி இருந்தா, சுரண்டுன அடையாளம் இருந்தா கூட, தயவு செஞ்சு எனக்கு சொல்லுங்க. என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்கிக்கறேன்.